இன்ஜின் மட்டும் போன ஜீப்

“வண்டி அருமை மாமா. இன்ஜின் மட்டும்தான் போச்சு” என்றான் அக்கா மகன் போனில். இடக்கொச்சியில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் 1978ஆம் வருட மஹிந்திரா ஜீப் நிற்கிறதாம். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி. விலை ரூ. 1.75 லட்சம். மட்டாஞ்சேரியில் இருபது வருடமாகக் குடியிருக்கும் மாமன் இருக்கும்போது தனியாகப் போய் ஏமாறுவானேன் என்று அவனுக்குத் தோன்றியிருக்கிறது. அன்று இரவே அக்காவும் போடியிலிருந்து பேசினாள். “நீ பாத்துட்டு வேணாம்னு சொல்லிரு தம்பி. நான் சொன்னா கேக்க மாட்டான்.”

பார்ப்பதற்கு முன்பே தீர்ப்பு! ஆனால் அக்காவின் பயத்தில் நியாயம் உண்டு. துபாயில் ஏழு வருடம் ஏ.சி. மெக்கானிக்காக இருந்து திரும்பியவன் கையில் மிச்சம் இருப்பது ஆறு லட்சம். திரும்பப் போகும் எண்ணம் இல்லை. ஜீப்பை வாங்கி, இன்ஜின் மாற்றி, பெயின்ட் அடித்து, சூரியநெல்லியில் நிறுத்திக் கொழுக்குமலைக்குப் பயணிகளை ஏற்றுவது அவன் திட்டம். கொழுக்குமலை இருப்பது தமிழ்நாட்டில். ஆனால் வண்டியில் போவதென்றால் கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்து கல்லும் பள்ளமுமான பாதையில் ஜீப்பில்தான் ஏற வேண்டும். சாதாரணக் கார் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க முடியாது. பிழைப்புக்கு வழி இருக்கும் இடம்தான்.

திட்டம் என்று அவன் சொல்வதற்கு அடியில் இன்னொன்றும் கிடக்கிறது. அவன் அப்பா ஜீப் டிரைவர். தேனி மாவட்டத்திலிருந்து தினமும் விடிவதற்கு முன்பே இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குக் கூலியாட்களை ஏற்றிக்கொண்டு மலையேறும் ஜீப்புகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். உள்ளே எத்தனை பேர், பின்னால் தொங்குவது எத்தனை பேர் என்று எண்ணி முடிப்பதற்குள் வண்டி போடிமெட்டின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளில் முதலாவதைத் தாண்டியிருக்கும். அத்தான் அப்படித்தான் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தார். அவர் இறந்ததும் கடனுக்காக அந்த ஜீப்பை விற்றார்கள். பையனுக்கு அப்போது வயது பதினாறு. ஆக, இது வெறும் வண்டி வியாபாரம் இல்லை என்பது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

இந்தியாவில் ஜீப் என்றாலே மஹிந்திராதான். 1945இல் எஃகு வியாபாரத்துக்காக மஹிந்திரா சகோதரர்களும் குலாம் முகமதுவும் சேர்ந்து தொடங்கிய கம்பெனி அது. பிரிவினைக்குப் பின் குலாம் முகமது பாகிஸ்தானின் முதல் நிதி அமைச்சராகப் போய்விட, கம்பெனி மஹிந்திரா அண்ட் மஹிந்திரா ஆனது. (பிறகு அவர் அங்கே கவர்னர் ஜெனரலும் ஆனார். ஜீப் கம்பெனியிலிருந்து நாட்டின் தலைமை வரை போனவர் வேறு யாரும் இருப்பதாக நினைவில்லை.) உலகப் போரில் அமெரிக்கா ஆறு லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளிய அந்த வண்டியின் வாரிசை, 1940களின் இறுதியில் பம்பாயில் பூட்ட ஆரம்பித்தார்கள். போலீஸ், வனத்துறை, மின்வாரியம், பஞ்சாயத்து யூனியன், எஸ்டேட் என்று அது புகாத இடமில்லை. சாலை முடியும் இடத்தில் ஜீப் தொடங்கும் என்பது மலைக்காரர்களின் அனுபவம்.

அதன் பெருமை இன்னொன்று. சுத்தியல், ஸ்பானர் தெரிந்த எவரும் அதைப் பிரித்துப் பூட்டிவிடலாம். அதனாலேயே ஒரு ஜீப் நாற்பது வருடம் ஓடுகிறது. அதனாலேயே, நாற்பது வருடம் ஓடிய ஜீப்புக்குள் யார் என்ன செய்து வைத்திருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரிவதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று பேர் போனோம். மூன்றாமவர் மட்டாஞ்சேரியில் நாற்பது வருடமாக ஜீப் பிரித்துப் பூட்டும் மேஸ்திரி. பையன் அவரை முதல் நிமிடமே “இக்கா” என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டான். அவர் கையில் இருந்தவை மூன்றே பொருட்கள்: டார்ச் லைட், நீளமான ஒரு திருப்புளி, சின்னச் சுத்தியல்.

இடக்கொச்சி, கொச்சி மாநகராட்சியின் தெற்கு ஓரம். பள்ளுருத்தியைத் தாண்டினால் வரும். அதற்கப்பால் பாலத்தைக் கடந்தால் அரூர், ஆலப்புழை மாவட்டம். வேம்பநாட்டுக் காயல் மூன்று பக்கமும் கையை நீட்டிக்கொண்டிருக்கிறது. இறால் கட்டுகள், கண்டல் காடு, தென்னை, அவற்றுக்கு நடுவே வீடுகள். பார்க்க அழகான ஊர். இரும்புக்கு மட்டும் ஆகாத ஊர்.

காரணம் காற்றில் இருக்கும் உப்பு மட்டுமல்ல. இங்கே ‘வேலியேற்றம்’ என்ற சொல்லைக் குழந்தைக்கும் தெரியும். நாம் ஓதம் என்போம். மழை ஓய்ந்த மாதங்களில், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, காயல் ததும்பி உப்புத் தண்ணீர் வீட்டு முற்றத்துக்கே வந்துவிடும். இடக்கொச்சி, கும்பளங்கி, செல்லானம் பக்கம் சுவரின் அடிப்பகுதி பூச்சு உதிர்ந்து நிற்பதைக் காணலாம். வெள்ளம் என்றால் பத்திரிகையில் படம் வரும். இது சத்தமில்லாமல் வந்து, சில மணி நேரத்தில் வடிந்து, மறுநாளும் வரும். அந்த முற்றத்தில் வருடக்கணக்கில் ஒரு வண்டி நின்றால் என்ன ஆகும்?

தார்ப்பாயை விலக்கியதும் பையன் முகம் மலர்ந்தது. ஆலிவ் பச்சையில் புதிதாகப் பெயின்ட் அடித்து, மடக்கும் கண்ணாடியோடு, ஏழு பிளவு கொண்ட கிரில்லோடு ஜீப் கம்பீரமாகவே நின்றது. மேஸ்திரியின் முகம் மாறவில்லை. “பெயின்ட் எப்போ அடிச்சது?” என்று மட்டும் கேட்டார். போன மாதம் என்றார் வீட்டுக்காரர்.

முதலில் இன்ஜின். கிராங்க் நட்டில் நீளமான ஸ்பானரைப் போட்டு மேஸ்திரி தன் எடை முழுவதையும் கொடுத்தார். அசையவில்லை. ஆயில் பார்க்கும் கம்பியை உருவினால் நுனியில் துருத் தண்ணீர். பிடித்துப்போன இன்ஜின். இதில் ஒளிவு மறைவு ஏதும் இல்லை. வீட்டுக்காரரும் முன்பே சொன்னதுதான். 2019இல் ரேடியேட்டர் ஓட்டையோடு ஓட்டி, சூடேறி நின்றது. பிறகு யாரும் தொடவில்லை.

ஆனால் பானெட்டுக்குள் இருந்தது ஜீப்போடு பிறந்த இன்ஜின் அல்ல. 1978இல் இந்த வண்டி 2.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜினோடு வந்திருக்கும். இங்கே இருந்ததோ மெட்டடார் வேனின் டீசல் இன்ஜின். பஜாஜ் டெம்போ கம்பெனி ஜெர்மானிய உரிமத்தில் செய்தது. பெட்ரோல் விலை ஏற ஏற, அம்பாசடரிலும் ஜீப்பிலும் டீசல் இன்ஜினை இறக்குவது தென்னிந்தியா முழுக்க ஒரு தொழிலாகவே நடந்தது. அதில் பல ஆர்.டி.ஓ. அனுமதியோடு ஆர்.சி. புத்தகத்திலும் ஏறின. இந்த வண்டியில் இன்ஜின் மாற்றியது 2014இல் என்றார் வீட்டுக்காரர். ஆர்.சி.யை வாங்கிப் பார்த்தேன். எரிபொருள்: பெட்ரோல்.

“அது ஒண்ணும் பிரச்னை இல்லை சாரே, எல்லாரும் இப்படித்தான் ஓட்டறாங்க” என்றார் அவர்.

அந்த நிமிடம் வரை எங்கள் கேள்வி, எந்த இன்ஜினைப் போடுவது என்பதாக இருந்தது. பையன் அதற்கு ஒரு நோட்டே போட்டிருந்தான். பொலேரோவில் வந்த 2,523 சி.சி. டீசல், பழைய எம்எம்540இல் இருந்த பியூஜோ உரிமத்து 2,112 சி.சி. டீசல் என்று வரிசையாக எழுதி, எதிரே விலை. சென்னைப் புதுப்பேட்டையிலும் கோவை உக்கடத்திலும் விசாரித்திருந்தான். பழைய இன்ஜின், கியர் பாக்ஸ் சேர்த்து எண்பதாயிரம், கூலி முப்பது. மேஸ்திரி அந்த நோட்டைப் பார்த்துத் தலையாட்டினார். “இன்ஜினைப் பொருத்தறது பெரிய வித்தை இல்லை. மவுன்ட்டிங்கை வெட்டி ஒட்டணும். ரேடியேட்டர் பெரிசாகணும். கியருக்கும் இன்ஜினுக்கும் பொருந்தணும். பெட்ரோலுக்குச் செஞ்ச வண்டியில டீசல் அதிர்வு வேற. எல்லாம் செஞ்சிரலாம். ஆனா எதை இறக்கினாலும் புஸ்தகத்துல பெட்ரோல்னு இருக்கே?”

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆவது பிரிவு இங்கேதான் வந்து நிற்கிறது. ஆர்.சி.யில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதற்கு மாறாகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது அது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை இறுக்கிப் பிடித்துத் தீர்ப்பளித்தது. அந்த வழக்கு போனதே கேரளத்திலிருந்துதான். மாற்றங்களுக்கு இடம் கொடுத்த கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. எரிபொருள் மாற்றத்துக்குச் சட்டத்தில் ஒரு வாசல் உண்டு. ஆனால் அது காஸ், பேட்டரி போன்றவற்றுக்காக, அங்கீகரித்த கருவிகளோடு, நிபந்தனைகளோடு திறக்கும் வாசல். புதுப்பேட்டையில் வாங்கிய டீசல் இன்ஜினைத் தூக்கிக்கொண்டு அதன் வழியே நுழைய முடியாது. அதே வருடம் வந்த சட்டத் திருத்தத்தில், அனுமதியில்லாமல் வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ. 5,000 அபராதம் என்றும் சேர்த்துவிட்டார்கள்.

சரி, பிறந்த இன்ஜினையே திரும்ப வைத்தால்? அதே மாதிரி பெட்ரோல் இன்ஜின், அனுமதி வாங்கி, இன்ஜின் எண்ணை ஆர்.சி.யில் ஏற்றி. இது நேர்வழி. பழைய ஜீப் ரசிகர்கள் இதைத்தான் விரும்புவார்கள். நல்ல பிளாக் கிடைத்து, போர் போட்டு, பிஸ்டன், பேரிங் மாற்றி எழுப்ப ஒன்றேகால் லட்சம் ஆகும் என்று மேஸ்திரி கணக்குச் சொன்னார். ஓட்டுகிற செலவு தனி. மலையேற்றத்தில் லிட்டருக்கு ஆறேழு கிலோமீட்டர் கொடுத்தால் அதிர்ஷ்டம் என்கிறார். போதாததற்கு இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்து ரப்பர் குழாய்க்கும் பெட்ரோல் பம்ப்பின் டயாபிரத்துக்கும் அது ஒத்துவராது. அவற்றையும் மாற்ற வேண்டும். வாடகைக்கு ஓட்டிச் சம்பாதிக்க நினைப்பவனுக்கு இந்தக் கணக்கு கட்டுமா? வாடகைக்கு ஓட்டுவதென்றால் வெள்ளை நம்பர் பிளேட்டை மஞ்சளாக்க வேண்டும், பெர்மிட் வேண்டும். அந்த வயது வண்டிக்கு அது எளிதில்லை என்பதை அவன் நோட்டில் எங்கும் எழுதியிருக்கவில்லை.

பையன் அசரவில்லை. “பெர்மிட் கிடைக்கலைன்னா நமக்காக வச்சுக்கலாம் மாமா.” பேச்சு பிழைப்பிலிருந்து நழுவி அத்தானிடம் போய்விட்டதை அப்போது கவனித்தேன்.

மேஸ்திரி இதற்குள் வண்டிக்கு அடியில் போயிருந்தார். சுத்தியலால் சேசிஸை வரிசையாகத் தட்டிக்கொண்டு வந்தார். முன்பக்கம் கணீரென்று சத்தம். நடுவிலும் பரவாயில்லை. பின்சக்கரத்துக்கு மேலே வந்ததும் சத்தம் மாறியது, ஈர மரத்தைத் தட்டுவது போல. திருப்புளியை வைத்து அழுத்தினார். அது உள்ளே போனது. கைப்பிடி வரை போனது. வெளியே எடுத்தபோது சிவப்புத் துரு செதில் செதிலாகக் கொட்டியது. புதுப் பெயின்ட் மட்டும் ஓட்டையைச் சுற்றி மினுமினுத்தது.

வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு, பையனிடம் ஒரு காகிதத்தைக் கொடுத்தார். சேசிஸ் எண் அடித்த இடத்தில் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்க்கச் சொன்னார். எஃப்.சி.க்குப் போகிறவர்கள் எடுக்கும் அதே பென்சில் பிரின்ட். முதல் எழுத்துக்கள் தெளிவாக எழுந்தன. கடைசி இரண்டு இலக்கங்கள் இருக்க வேண்டிய இடத்தில் அம்மைத் தழும்பு போலப் புள்ளிகள்தான். மூன்று முறை தேய்த்தான். மூன்று முறையும் அதேதான்.

இன்ஜினுக்கும் சேசிஸுக்கும் உள்ள வித்தியாசத்தை அந்தக் காகிதம் சொல்லிவிட்டது. இன்ஜின் எவ்வளவு கெட்டாலும் மாற்றுவதற்கு ஒரு வழிமுறை இருக்கிறது, விலை இருக்கிறது. சேசிஸ் எண் வண்டியின் பிறப்புச் சான்றிதழ். ஒட்டுப் போட்டு வெல்டிங் செய்து சட்டத்தை நிமிர்த்திவிடலாம். அழிந்த எண்ணை எவனாவது திரும்ப அடித்துக் கொடுத்தால், அன்றிலிருந்து அது திருட்டு வண்டியா என்ற கேள்விக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2025 செப்டம்பர் 23 அன்று கொச்சி சுங்கத் துறையினர் கேரளத்தில் சுமார் 30 இடங்களில் சோதனை போட்டு 36 வண்டிகளைக் கைப்பற்றினார்கள். பூட்டானிலிருந்து முறைகேடாகக் கொண்டுவந்து, போலிப் பத்திரங்களால் வட மாநிலங்களில் பதிவு செய்து, இங்கே விற்றதாகச் சந்தேகிக்கப்பட்ட பழைய லேண்ட் குரூசர் வகை வண்டிகள். அந்த நடவடிக்கைக்குப் பெயர் ‘நும்கோர்’. பூட்டான் மொழியில் வாகனம் என்று அர்த்தம். மலையாள நட்சத்திரங்கள் சிலர் வீட்டிலும் சோதனை நடந்ததால் ஊரெல்லாம் பேச்சானது. வண்டி ஓடுகிறதா, இழுக்கிறதா என்று அதிகாரிகள் யாரும் கேட்கவில்லை. காகிதத்தைத்தான் கேட்டார்கள். லட்சக்கணக்கில் கொடுத்தவர்களுக்கே அந்தக் கதி.

இடக்கொச்சி ஜீப்பின் காகிதம் திருட்டுக் காகிதம் இல்லை. வெறும் செத்த காகிதம். ஆர்.சி. 2018இல் காலாவதி. தனியார் வண்டிக்குப் பதிவு முதலில் பதினைந்து வருடம், பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். அந்தப் புதுப்பிப்புக் கட்டணத்தைக் கார், ஜீப் வகைக்கு ரூ. 600இலிருந்து ரூ. 5,000ஆக 2022 ஏப்ரல் முதல் மத்திய அரசு உயர்த்தியது. இருபது வருடம் தாண்டியவற்றுக்கு 2025 ஆகஸ்ட் அறிவிப்பில் அது ரூ. 10,000 ஆனது. பதினைந்து வருடம் முடிந்த தனியார் வண்டிகளின் வரியைக் கேரள பட்ஜெட் அதே ஆண்டு 50 சதவீதம் கூட்டியது. இத்தனை வருடப் பாக்கியும் தாமதக் கட்டணமும் இதற்கு மேல். பழைய வண்டிகள் ஒழியட்டும் என்பதுதான் அரசின் எண்ணம், மறைக்கவும் இல்லை. எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. வருடத்துக்கு ஆயிரம் கிலோமீட்டர் ஓடும் ஒரு கிழ ஜீப் எந்த ஊரையும் புகையில் மூழ்கடித்துவிடாது. ஆனால் என் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை.

திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். வண்டி 1.75. பெட்ரோல் இன்ஜின் 1.25. சேசிஸ் வேலை, தரைத் தகரம் எண்பதாயிரம். ஐந்து டயர், பிரேக், ஒயரிங், சீட் ஒரு லட்சம். ஆர்.டி.ஓ. செலவு தனி. ஐந்து லட்சத்தை நெருங்கிவிட்டது. நடப்புக் காகிதத்தோடு ஓடுகிற நிலையில் ஒரு டீசல் ஜீப் ஹைரேஞ்சில் நான்கு லட்சத்துக்குக் கிடைக்கும் என்றார் மேஸ்திரி. சாலைக்கு வரும்போது பத்து லட்சத்தைத் தாண்டும் புதுத் தாரைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. “பாதி விலைக்குத் தந்தா?” என்று பையன் மெதுவாகக் கேட்டான். மேஸ்திரி பென்சில் பிரின்ட் காகிதத்தை மடித்து அவன் சட்டைப் பையில் வைத்தார்.

வீட்டுக்காரரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. இன்ஜின் போனதை மறைக்கவில்லை. அடியில் என்ன நடந்திருக்கிறது என்று அவருக்கே தெரியாது என்றுதான் நினைக்கிறேன். பெயின்ட் அடித்ததுகூட, கிளம்பும் வீட்டுப் பெண்ணுக்கு அலங்காரம் செய்வது போலச் செய்திருக்கிறார். தை, மாசியில் முற்றத்துக்குத் தண்ணீர் வரும்போதெல்லாம் சக்கரத்துக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்தினாராம். ஒரு கட்டத்தில் வீட்டுக்குள்ளேயே தண்ணீர் வந்தபோது, கட்டிலை உயர்த்தத்தான் செங்கல் இருந்தது. சுவரில் உப்புக் கோடு இடுப்பளவுக்குத் தெரிந்தது. கட்டஞ்சாயா கொடுத்தார். ஜீப்பின் விலையைப் பற்றி அதற்குப் பிறகு அவரும் பேசவில்லை.

திரும்பும்போது பள்ளுருத்தி வரை பையன் வாய் திறக்கவில்லை. அப்புறம், “அப்பா வண்டிக்கும் பின்னாடி சேசிஸ்ல ஒட்டு இருக்கும் மாமா. பாரம் ஏத்தி விரிசல் விட்டது. அதோடதான் கடைசி வரைக்கும் ஓட்டினாரு” என்றான். மேஸ்திரி முன்சீட்டிலிருந்து திரும்பி, “மலை வண்டி உடையும். கடல் வண்டி கரையும். உடைஞ்சது கண்ணுக்குத் தெரியும், ஒட்டிரலாம்” என்றார்.

இரவு அக்காவிடம் வாங்கவில்லை என்று சொன்னேன். அவளுக்கு நிம்மதி. ஒரு நிமிடம் கழித்து, “ரொம்ப வாடிட்டானா?” என்று கேட்டாள்.

அடுத்த வாரம் அவனே கூப்பிட்டான். குமுளிப் பக்கம் ஒரு ஜீப் இருக்கிறதாம். டீசல். இன்ஜின் ஓடுகிறதாம்.

“ஆர்.சி.?” என்றேன்.

“போட்டோ வந்துருச்சு மாமா. டீசல்னுதான் போட்டிருக்கு. சேசிஸ் நம்பரைப் பென்சில்ல தேச்சு அனுப்பச் சொல்லியிருக்கேன். வந்ததும் இக்காவைக் கூட்டிட்டுப் போகணும், அவருக்கு எந்த நாள் தோதுப்படும்னு கேட்டுச் சொல்லுங்க.”